சிப்பி கட்டும் குடியிருப்பு

கடற்கரைப் பாறையிலிருந்து சிப்பிக் கொத்து ஒன்றைப் பெயர்த்தெடுத்து, கடல்நீர் நிரம்பிய பாத்திரத்தில் இட்டுச் சற்றுநேரம் காத்திருந்தால், அதன் இடுக்குகளிலிருந்து ஓர் ஊரே வெளியே வரும். விரல்நகத்தினும் சிறிய நண்டுகள், கூனி இறாலைப் போன்ற சிற்றுயிர்கள், நெளிந்து ஊரும் கடற்புழுக்கள், நத்தைகள், ஓடுகளின்மேல் இறுகப் பற்றியிருக்கும் கொட்டலசுகள், கடற்பஞ்சின் துணுக்குகள் என அந்தப் பட்டியல் நீளும். சில சிப்பிகளின் உள்ளேயே பட்டாணி அளவிலான நண்டு ஒன்று குடியிருப்பதும் உண்டு. சந்தைக்கு வரும் முன்பே இவை அனைத்தும் கழுவி நீக்கப்பட்டுவிடுவதால், சிப்பி என்றால் ஓடும் சதையும் மட்டுமே என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

இங்கே பேசப்படுவது முத்துச்சிப்பியைப் பற்றி அன்று. கேரளத்தில் கல்லுமக்காய் என்றும், குமரி மாவட்டத்தில் சிப்பி என்றும், சென்னைக்கு வடக்கே எண்ணூர்ப் பகுதியில் ஆழி என்றும் மீனவர்கள் அழைக்கும், ஆங்கிலத்தில் ‘மஸல்’ எனப்படும் உயிரினத்தைப் பற்றியது.

இந்தச் சிப்பி இன்று இரண்டு வகைகளில் பொதுவிவாதத்துக்கு வந்திருக்கிறது. தீவனம் இட வேண்டாத, செலவு குறைந்த கடல் வேளாண்மை என்று அதன் வளர்ப்பை அரசுகள் ஊக்குவிக்கின்றன. 2020-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்திலும் அதற்கு இடமுண்டு. அதே வேளையில், எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் வெளிநாட்டுச் சிப்பி ஒன்று கழிமுகத்தை மூடிப் பரவி மீனவர்களின் வாழ்வாதாரத்தைப் பறிப்பதாகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு சென்றிருக்கிறது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த உயிர் ஓரிடத்தில் வரமாகவும் மற்றோரிடத்தில் சாபமாகவும் இருப்பது ஏன்? விடை சிப்பியின் உடலில் இல்லை. அது எந்தத் தரையில் குடியிருப்பு கட்டுகிறது, அங்கே யார் குடியேறுகிறார்கள், யார் வெளியேற்றப்படுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

நூலும் வண்டலும்

சிப்பி தன் நாக்குப் போன்ற பாதத்திலிருந்து ஒருவகைப் புரதத்தைச் சுரக்கிறது. நீருக்குள்ளேயே சில நிமிடங்களில் அது இறுகி நூலாகிறது. அந்த நூல்களால் அது பாறையைப் பற்றுகிறது. அருகிலிருக்கும் சிப்பியையும் பற்றுகிறது. ஆயிரக்கணக்கான சிப்பிகள் இப்படி ஒன்றையொன்று பிணைத்துக்கொள்ளும்போது பாறையின்மேல் கெட்டியான ஒரு படுகை உருவாகிறது. அதன் இடுக்குகளில் அலையின் வேகம் குறைகிறது. வெயிலின் சூடு தணிகிறது. நீர் இறங்கிய பின்னும் ஈரம் தங்குகிறது. வெற்றுப் பாறையில் ஒரு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்க இயலாத மெல்லுடல் உயிர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ முடிகிறது.

சிப்பியின் மற்றொரு வேலை வடிகட்டுதல். வளர்ந்த சிப்பி ஒன்று மணிக்குச் சில லிட்டர் நீரைத் தன் செவுள்களின் வழியே செலுத்தி, அதிலுள்ள நுண்பாசிகளைப் பிரித்து உண்கிறது. உண்டது கழிவாகவும், உண்ணாமல் ஒதுக்கியது சளியில் சுற்றப்பட்ட உருண்டையாகவும் கீழே விழுகின்றன. நீரில் மிதந்துகொண்டிருந்த உணவு இவ்வாறு தரைக்கு வந்துசேர்கிறது. படுகையின் இடுக்குகளில் தேங்கும் அந்த வண்டல் கடற்புழுக்களுக்கு உணவு. கடற்புழுக்கள் நண்டுக்கும் மீனுக்கும் உணவு.

தன் உடலாலும் செயலாலும் பிற உயிர்களுக்கான வாழிடத்தையே மாற்றியமைக்கும் இத்தகைய உயிர்களுக்கு ‘சூழலமைப்புப் பொறியாளர்கள்’ என்று 1994-இல் கிளைவ் ஜோன்ஸ், ஜான் லாட்டன், மோஷே ஷாக்கக் ஆகிய மூன்று அறிவியலாளர்கள் பெயரிட்டனர். காட்டில் மரம் செய்வதைக் கரையோரப் பாறையில் சிப்பி செய்கிறது.

பாறையில்: எட்டா, முந்நூறா?

சிப்பிப் படுகையைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற ஆய்வு, முதல் பார்வையில் இதற்கு நேர்மாறான செய்தியைச் சொல்வதுபோல் தோன்றும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் பெய்ன், 1963-இல் பசிபிக் கரையின் மக்கா விரிகுடாவில் ஒரு பாறைப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்த நட்சத்திர மீன்களைத் தொடர்ந்து அகற்றிவந்தார். அந்த நட்சத்திர மீனின் முக்கிய உணவு சிப்பி. உண்பவன் இல்லாமற்போகவே சிப்பிகள் பெருகிப் பாறையை ஆக்கிரமித்தன. பாறைப்பரப்பில் இடத்துக்காகப் போட்டியிட்டு வாழ்ந்த 15 இனங்கள் எட்டாகக் குறைந்தன. 1966-இல் வெளியான இந்த ஆய்விலிருந்துதான், ‘மையக்கல் இனம்’ என்ற கருத்தைப் பெய்ன் 1969-இல் முன்வைத்தார். வளைவின் உச்சியிலுள்ள ஒரு கல்லை உருவினால் வளைவே சரிவதுபோல, ஓர் இனம் நீங்கினால் சமூகமே மாறிவிடும் என்பது அதன் பொருள்.

இக்கதையில் சிப்பி ஆக்கிரமிப்பாளராகத் தெரிகிறது. ஆனால், பெய்னின் மாணவரான தாமஸ் சுச்சனெக் அதே கரையின் சிப்பிப் படுகைகளைப் பிரித்து உள்ளே பார்த்தார். மேலே பார்த்தால் ஒரே இனம் போர்த்திய கருநீலப் பரப்பு. அதன் அடுக்குகளுக்குள்ளோ ஏறத்தாழ 300 வகை உயிர்கள். பாறைப்பரப்பில் இருந்தவை குறைந்தன என்பதும் உண்மை. படுகையின் உள்ளே பெருகின என்பதும் உண்மை. எதை எண்ணுகிறோம், எங்கே எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

2013 முதல் மெக்சிகோவிலிருந்து அலாஸ்கா வரையிலான கரையோரத்தில் நட்சத்திர மீன்கள் ஒரு கொள்ளைநோயால் பெருமளவில் மடிந்தன. பெய்ன் சிறு பாறையில் தன் கையால் செய்த சோதனையை, நோய் ஒரு கண்டத்தின் கரை முழுவதிலும் செய்துகாட்டியதுபோல் ஆயிற்று. சிப்பிப் படுகைகள் பல இடங்களில் முன்பு எட்டாத ஆழத்துக்கு இறங்கிப் பரவின.

பெய்னின் ஆய்வுகளிலிருந்து நமக்குப் பயன்படும் இன்னொரு செய்தியும் உண்டு. அலையோ மிதக்கும் மரக்கட்டையோ மோதிப் படுகையில் சிறு வெற்றிடம் ஏற்பட்டால், ஓரத்துச் சிப்பிகள் சாய்ந்து நகர்ந்து விரைவில் அதை மூடிவிடுகின்றன. வெற்றிடம் பெரிதானால் நிலைமை வேறு. நீரில் சில வாரங்கள் மிதந்து திரியும் சிப்பிக் குஞ்சுகள் எங்கு வேண்டுமானாலும் அமர்வதில்லை. இழைபோன்ற பாசியையும், ஏற்கெனவே இருக்கும் சிப்பிகளின் நூல்களையும் நாடியே அமர்கின்றன. முற்றாகச் சுரண்டப்பட்ட வழுக்குப் பாறை அவற்றை ஈர்ப்பதில்லை. அந்தக் குளிர்கடலில் பெரிய வெற்றிடங்கள் பழைய நிலைக்குத் திரும்பப் பல ஆண்டுகள் பிடித்தன.

கயிற்றில்: மேலே செழிப்பு, கீழே வறுமை

வளர்ப்புச் சிப்பியோடு வாழும் உயிர்ச் சமூகத்தை அறிய ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலுள்ள கலீசியாவுக்குச் செல்ல வேண்டும். கடல் நிலத்துக்குள் ஆழமாகப் புகுந்த குடாக்கள் அங்கே பல உண்டு. கோடையில் ஆழ்கடலின் சத்துமிக்க குளிர்நீர் மேலெழுந்து அவற்றுக்குள் புகுகிறது. 1940-களில் அங்கே தொடங்கிய சிப்பி வளர்ப்பு இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மிதவைகளாக வளர்ந்திருக்கிறது. மரச்சட்டங்களாலான ஒவ்வொரு மிதவையிலிருந்தும் 500 கயிறுகள் வரை, 12 மீட்டர் ஆழம்வரை தொங்குகின்றன. மிதவைகளில் பெரும்பாலானவை இருப்பது அரோசா குடாவில்.

ஒவ்வொரு கயிறும் நீரில் தொங்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. பாறைச் சிப்பியைப்போல் இவை வெயிலில் காய வேண்டியதில்லை. தரையில் ஊர்ந்துவரும் பகைவர்களுக்கு எளிதில் எட்டுவதும் இல்லை. எனவே, விரைந்து வளர்கின்றன. ஓடும் மெல்லியதாகவே இருக்கிறது. இவற்றோடு விரைந்து குடியேறிப் பெருகும் உயிர்களே கயிற்றில் மிகுதி. அரோசாவில் அவற்றுள் முதன்மையானது ‘பீங்கான் நண்டு’ என்னும் மிகச் சிறிய நண்டு. கயிறுகளில் அது எவ்வளவு பெருகியது என்றால், குடாவின் நீரில் மிதக்கும் நுண்விலங்குகளில் அதன் குஞ்சுகளே மேலோங்கின. கயிற்றிலிருந்து உதிரும் நண்டுகளையும் புழுக்களையும் உண்ண மீன்கள் மிதவைகளுக்கு அடியில் கூடின. உதிர்ந்து விழும் சிப்பிகளை நம்பி நீந்தும் நண்டுகள் பெருகின. மனிதன் சிப்பிக்காகத் தொங்கவிட்ட கயிறு, அவன் திட்டமிடாத ஒரு முழு உணவுச் சங்கிலியையே உருவாக்கிவிட்டது.

ஆனால், தரையின் கதை வேறு. மிதவைகள் நிறைந்த அரோசாவின் அடித்தரையை, மிதவைகள் குறைந்த முரோஸ் குடாவின் அடித்தரையோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். அந்த ஒப்பீடு 1982-இல் வெளியானது. ஓயாமல் விழுந்த கழிவால் அரோசாவின் மிதவைப் பகுதித் தரை கரிமப்பொருள் மிகுந்த சேறாக மாறியிருந்தது. அங்கே மிகச் சிறிய புழுக்களில் சிலவகை மட்டுமே மேலோங்கியிருந்தன. மண்ணுக்குள் வாழும் உயிர்களின் வகையும் எடையும் முரோஸில்தான் கூடுதலாக இருந்தன. சேற்றில் கரிமப்பொருள் அழுகும்போது உயிர்வளி தீர்கிறது. அழுகிய முட்டை மணமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. ஆழத் துளைத்து வாழும் சங்குகளும் பெரிய புழுக்களும் அதைத் தாங்குவதில்லை.

ஆக, வளர்ப்பு என்பது உயிர்வளத்தைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. நீரின் நடுவே கூட்டுகிறது. போதிய நீரோட்டம் இல்லாத தரையில் குறைக்கிறது. நீரோட்டம் வலுவாயின் கழிவு பரந்து சிதறி உரமாகிறது; மந்தமாயின் ஒரே இடத்தில் குவிந்து நஞ்சாகிறது. மிதவைகளின் எண்ணிக்கையும் அவற்றுக்கிடையே விடும் இடைவெளியுமே இதைத் தீர்மானிக்கின்றன.

குமரியும் கேரளமும்

நம் கரைகளில் இரண்டு சிப்பிகள் முக்கியமானவை. பச்சைச் சிப்பி இரு கரைகளிலும் உண்டு. பழுப்புச் சிப்பி குமரி முதல் கொல்லம் வரையிலான பாறைக்கரைக்கே பெரிதும் உரியது. பருவமழைக் கொந்தளிப்பு ஓய்ந்து நீர் தெளியும் மாதங்களில், குளச்சல், கடியப்பட்டினம், முட்டம் போன்ற ஊர்களின் மீனவர்கள் மூழ்கி, இரும்புக் கருவியால் பாறையிலிருந்து சிப்பியைப் பெயர்த்தெடுக்கிறார்கள். மூச்சை அடக்கிச் செய்யும் கடினமான தொழில் அது.

மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1970-களில் சிப்பி வளர்ப்பு ஆய்வைத் தொடங்கியது. 1990-களின் பிற்பகுதியில் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்திலுள்ள படன்னா பகுதியில் அது மக்கள் தொழிலாக வேரூன்றியது. பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் அதில் முன்னின்றன. மழைக்காலம் ஓய்ந்து கழிமுகத்தில் உவர்ப்பு ஏறிய பிறகு, ஆண்டு இறுதியில், குஞ்சுச் சிப்பிகளைக் கயிற்றைச் சுற்றி வைத்து, மெல்லிய துணிவலையால் தைத்து, கழிகளாலான பந்தலிலிருந்து தொங்கவிடுகிறார்கள். துணி இற்றுப்போவதற்குள் சிப்பி கயிற்றைப் பற்றிக்கொள்ளும். அடுத்த பருவமழையின் நன்னீர் வெள்ளம் வருவதற்குள் அறுவடை முடிந்தாக வேண்டும்.

எனவே, இங்கே கயிற்றுக் குடியிருப்பின் ஆயுள் அரையாண்டு மட்டுமே. ஆண்டுதோறும் அறுவடையோடு அந்தச் சமூகம் முழுவதும் வெளியேற்றப்படுகிறது. பாறைப் படுகையில் பல ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேர்ந்த சமூகத்துக்கு இது ஈடாகாது. இதில் மறைந்திருக்கும் சிக்கல் ஒன்றுண்டு. கயிற்றில் கட்டும் குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் இயற்கைப் பாறைகளிலிருந்து சுரண்டியெடுக்கப்படுகின்றன. கலீசியாவிலும் குஞ்சுகளில் கணிசமான பகுதி இன்றும் அலைமோதும் பாறைகளிலிருந்தே வருகிறது. வளர்ப்பு என்பது இயற்கைப் படுகைக்கு மாற்று என்று பேசப்பட்டாலும், குஞ்சுக்கு அந்தப் படுகையையே நம்பியிருக்கும்வரை அது படுகையின் மேல் சுமத்தப்படும் கூடுதல் பாரமே. பாறையில் படுகை அழிந்தால் முதலில் வெளியேறுபவை இடுக்கில் வாழும் சிற்றுயிர்கள். அவற்றை மேயவரும் பாறைமீன்களும் இறால்களும் அடுத்துக் குறையும். அந்த இழப்பு எந்த மீன்பிடிக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை.

சேற்றில்: பிறர் வீட்டின்மேல் கட்டிய வீடு

எண்ணூர் மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று பெயரிட்டிருக்கும் கருநிறச் சிப்பியின் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் 2010-களில் காணப்பட்ட இது, கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில் 2019 அளவில் பதிவாகி, பின்னர் எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் பெருகியது. சரக்கில்லாத கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிக்கொண்டு துறைமுகத்தில் கொட்டும் நீரின் வழியாகவோ, கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டோ இது வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. நன்னீர் கலந்த கழிமுகம் முதல் உவர்ப்பு மிகுந்த நீர் வரை எதையும் இது தாங்கும்.

இதுவும் மற்றச் சிப்பிகளைப்போல நூல் நூற்கிறது, கூட்டமாகப் பிணைகிறது, நீரை வடிகட்டுகிறது, இதன் இடுக்குகளிலும் புழுக்களும் சிற்றுயிர்களும் வாழ்கின்றன. வேறுபாடு, அது விரித்த இடத்தில் இருக்கிறது. வெற்றுப் பாறையின்மேல் படுகை விரித்தால் அங்கே இல்லாத இடுக்குகள் கூடுகின்றன. கழிமுகத்துச் சேறோ வெற்றிடம் அன்று. பகலில் மண்ணுக்குள் புதைந்து இரவில் மேயும் இறாலுக்கும், மண்ணுள் வாழும் மஞ்சள் மட்டிக்கும், நண்டுக்கும் அதுவே வீடு. அதன்மேல் ஒட்டிப் பிணைந்த கம்பளம் விரிக்கப்பட்டால், இறால் புதைய வழியில்லை. மட்டி மூச்சுக்காக நீட்டும் குழாய்க்கு இடமில்லை. வாயில் பறியைக் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் சமூகப் பெண்களின் தொழிலுக்கு மென்மையான சேறே அடிப்படை. கூரிய ஓடுகள் மூடிய தரையில் அந்தத் தொழில் நடக்காது.

இதை வெளிநாட்டு உயிரின் கொடுமை என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. நம் பச்சைச் சிப்பியும் அயலூரில் இதையே செய்தது. 1990-இல் டிரினிடாட் தீவிலும், 1999-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துத் தாம்பா விரிகுடாவிலும் அது காணப்பட்டபோது, மின் நிலையங்களின் நீர்வழிகளை அடைக்கும் தொல்லையாகவே பார்க்கப்பட்டது. சொந்த ஊரிலும் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குக் கடல்நீர் கொண்டுசெல்லும் சுரங்கத்தின் சுவர்களில் படிந்து அது பொறியாளர்களுக்குத் தலைவலி தந்திருக்கிறது. ஓயாத நீரோட்டம், நிலையான சுவர், பகைவர் இல்லாத இருள் ஆகியவை சிப்பிக்கு உகந்தவை. அந்தச் சுவர் யாருக்கு உரியது என்பது அதற்குத் தெரியாது. எண்ணூரில் சாம்பல் படிவும் ஆலைக்கழிவும் உள்ளூர் மட்டிகளையும் ஆழிகளையும் ஏற்கெனவே நலிவுறச் செய்திருந்தன என்பதையும் மறக்கலாகாது. உரியவர் நலிந்த வீட்டில்தான் அயலார் எளிதாகக் குடியேறுகிறார்.

எதை எண்ண வேண்டும்?

சிப்பியைப் பற்றிய நம் அரசுக் கணக்குகள் அனைத்தும் டன்னிலேயே இருக்கின்றன: இத்தனை டன் பிடிப்பு, இத்தனை டன் வளர்ப்பு, இத்தனை டன் அகற்றம். இந்தக் கணக்கு எடையைச் சொல்லும், குடியிருப்பைச் சொல்லாது. நடைமுறையில் செய்யக்கூடிய நான்கு காரியங்கள் உண்டு.

முதலாவது, வளர்ப்புக்கு இடம் ஒதுக்கும் முன்பு அங்குள்ள நீரோட்டத்தையும் தரை உயிர்களையும் அளவிட வேண்டும். ஒதுக்கிய பின்பு ஆண்டுக்கு ஒருமுறையேனும் கயிற்றுக்கு அடியிலுள்ள சேற்றைச் சோதிக்க வேண்டும். சேறு கறுத்து நாறத் தொடங்கினால் பந்தல்களை இடம் மாற்றித் தரைக்கு ஓய்வு தர வேண்டும். நிலத்தைத் தரிசு போடுவது உழவர் அறிந்த பழைய முறைதான்.

இரண்டாவது, பாறையிலிருந்து சிப்பி எடுக்கும்போது முற்றாகச் சுரண்டாமல் சிறுசிறு திட்டுகளாக எடுத்து இடையிடையே படுகையை விட்டுவைப்பதையும், பாறைகளைச் சுழற்சி முறையில் ஓய்வாக விடுவதையும், மீனவக் கிராமங்களின் இசைவோடு விதியாக்க வேண்டும். ஓரத்தில் சிப்பி இருந்தால்தான் நடுவிலுள்ள வெற்றிடம் நிரம்பும். எந்தப் பாறை எத்தனை நாளில் நிரம்புகிறது என்பதை ஆண்டுதோறும் மூழ்கும் மீனவர்களே நன்கு அறிவார்கள்.

மூன்றாவது, வளர்ப்புக்கான குஞ்சுகளைப் பொரிப்பகங்களிலும், கடலில் கட்டும் சேகரிப்புக் கயிறுகளிலும் பெறும் வழியை விரிவாக்க வேண்டும். அதுவரை வளர்ப்பின் இலக்கு, பாறைகள் தாங்கும் அளவை மீறக் கூடாது.

நான்காவது, காக்கா ஆழியை அகற்றும் பணி. பெரும் செலவில் தூர்வாரும் பொறிகளைக் கொண்டு தரையை ஒட்டுமொத்தமாக வாரினால், அதனோடு எஞ்சியிருக்கும் மஞ்சள் மட்டியும் புழுக்களும் வாரப்படும். நீரில் மிதக்கும் குஞ்சுகள் மீண்டும் வந்து அமர எல்லோருக்கும் முன்னே காலித் தரை காத்திருக்கும். எந்தத் திட்டு இன்னும் மூடப்படவில்லையோ அதை முதலில் காப்பதும், இறால் மேயும் தரைகளைத் திட்டுத்திட்டாகத் துப்புரவு செய்வதும், அந்த வேலையைத் தரையை அறிந்த மீனவர்களிடமே கூலிக்கு ஒப்படைப்பதும் பயன்தரும். இவற்றோடு மாசைக் குறைப்பதும், 2017-இல் நடைமுறைக்கு வந்த கப்பல் சமநிலை நீர் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் விதிகளைத் துறைமுகங்களில் கண்டிப்பாகச் செயல்படுத்துவதும் சேர்ந்தால்தான் அகற்றம் நிலைக்கும்.

படன்னாவின் பந்தல், குளச்சலின் பாறை, எண்ணூரின் சேறு ஆகிய மூன்றையும் இன்று வெவ்வேறு துறைகள், வெவ்வேறு கோப்புகளில் பார்க்கின்றன. வளர்ப்பு மீன்வளத் துறைக்கும், தூர்வாரல் நீர்வளத் துறைக்கும், மாசு வேறொரு வாரியத்துக்கும் உரியதாகிறது. சிப்பிகளின் இடுக்குகளில் வாழும் உயிர்களைக் கணக்கெடுக்கும் பொறுப்பு எவருக்கும் இல்லை. அடுத்த வளர்ப்புத் திட்டத்துக்கோ அகற்றும் திட்டத்துக்கோ நிதி ஒதுக்கும் முன், அந்தத் தரையில் இப்போது யார் வாழ்கிறார்கள் என்ற பட்டியல் ஒன்றைக் கோப்பில் இணைக்க வேண்டும் என அரசு ஆணையிடட்டும். இறாலையும் மட்டியையும் நம்பி வாழும் குடும்பங்களின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.